கடன் வயலில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா?

இயற்கை வேளாண்மைக்கு மாறினால் செலவு குறையும், செலவு குறைந்தால் கடன் குறையும் என்று நாம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறோம். பெரும்பாலும் அது நடக்கவும் செய்கிறது. யூரியா, டிஏபி, பூச்சிமருந்து என்று கடையில் எழுதி வைத்து வாங்கிய கணக்கு நின்றுபோகிறது. வீட்டு மாட்டின் சாணம், கோமியம், கொஞ்சம் வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்று ஜீவாமிர்தம் கலக்கிக்கொள்கிற உழவருக்கு உரக்கடை பாக்கி எங்கிருந்து வரப்போகிறது?

ஆனால் நான்கைந்து ஆண்டாக இயற்கை வழியில் பயிர் செய்தும் கடன் மட்டும் குறையாத சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். இடுபொருள் செலவு பாதியாகிவிட்டது, நிலம் நன்றாகத் தேறிவிட்டது, மண்புழு வந்துவிட்டது. ஆனாலும் நகை அடகுக் கடையிலேயே இருக்கிறது. அவர்களைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேசினால் இயற்கை வேளாண்மைக்கே கெட்ட பெயர் என்று நினைக்கிறோம். முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில், அதில் பெரும்பகுதி கிராமக் கிளைகளில் வேளாண் கடன் மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது மண்வெட்டி பிடிக்கிறவன் என்ற முறையில் இதைப் பேச வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உழவர் கடன்படுவது உழவரின் குணக்கேடு என்று சொல்கிறவர்கள் பக்கம் நான் இல்லை. விலை நம் கையில் இல்லை, மழை நம் கையில் இல்லை. ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்பதும் நம் கையில் இல்லை. அப்படி வந்த கடனுக்கு நியாயமான விலையும் பயிர்க் காப்பீடும்தான் மருந்து. அதற்காக நாம் போராடத்தான் வேண்டும்.

நான் சொல்ல வருவது இன்னொரு வகை. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டிலும் வாங்குகிற கடன். பணம் தேவை என்பதற்காக இல்லாமல், கிடைக்கிறது என்பதற்காக வாங்குகிற கடன். குடிப்பழக்கம் மாதிரி இதுவும் ஒரு பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. குடிகாரரை வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கடன் பழக்கம் உள்ளவர் நம் பக்கத்திலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நமக்குத் தெரியாது. பல சமயம் அவருக்கே தெரியாது.

பயிர் கட்டும் கடன், பயிர் கட்டாத கடன்

ஒரு கடன் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். இதை எது திருப்பிக் கட்டப்போகிறது?

சம்பா நடவுக்கு வாங்கிய கடனைச் சம்பா நெல் கட்ட வேண்டும். கறவை மாட்டுக்கு வாங்கிய கடனைப் பால் கட்ட வேண்டும். மோட்டாருக்கு வாங்கியதை, அந்தத் தண்ணீரில் கூடுதலாக விளைந்தது கட்ட வேண்டும். இப்படிப் பதில் சொல்ல முடிந்தால் அது தொழில் கடன், பயப்பட வேண்டாம்.

இதற்கு நம் நாட்டில் மலிவான வழிகள் இருக்கின்றன. 1998-ல் வந்த கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் அதில் 3 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழிந்து 4 சதவீதம்தான் நிற்கும். நம் ஊர் சொசைட்டியில், அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே கிடையாது.

வட்டியில்லாத கடன் கிடைக்கிற அதே ஊரில் மூன்று வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டிக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால், "அவசரம் சார்" என்பார்கள். அவசரம் ஒரு தடவை வரலாம். மாதாமாதம் வந்தால் அதற்குப் பெயர் அவசரம் இல்லை.

அடையாளங்கள்

கீழே சொல்வதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் நான் பார்த்தவை. ஒன்றிரண்டு நம் எல்லோருக்குமே இருக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம். நான்கைந்து பொருந்தினால் நின்று யோசிக்க வேண்டும்.

1. மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரியாது. இதுதான் முதல் அடையாளம், முக்கியமானதும்கூட. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரிடம் "மொத்தம் எவ்வளவுங்க இருக்கும்?" என்று கேட்டேன். "ரெண்டு லட்சம் இருக்கும் சார்" என்றார். உட்கார வைத்து ஒவ்வொன்றாக எழுதினோம். சொசைட்டி 90,000. நகைக்கடன் இரண்டு இடத்தில் சேர்த்து 1,45,000. மனைவி பெயரில் குழுக்கடன் பாக்கி 38,000. தீவனக் கடை 14,000. மச்சானிடம் 50,000. மண்டியில் முன்பணம் 20,000. மூன்று வட்டிக்கு வாங்கியது 60,000. கூட்டிப் பார்த்தால் 4,17,000. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே இரண்டு லட்சம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். நெல் எத்தனை மூட்டை கண்டது என்று பத்து வருடக் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிற மனிதர் அவர்.

2. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். சொசைட்டிக் கெடு நெருங்கும்போது வெளியில் ஒரு லட்சம் பத்து நாளைக்கு வாங்கிக் கட்டுவது, மறுபடி கடன் போட்டு எடுத்து அதை வெளியே கொடுப்பது. இதை ஊரில் சாதாரணமாகச் செய்கிறார்கள். வங்கியிலும் இதே கதைதான். கணக்குப் பாருங்கள். பத்து நாள் என்றாலும் ஒரு மாத வட்டி பிடித்துக்கொள்வார்கள், மூன்று வட்டி என்றால் 3,000 ரூபாய். கெடுவுக்குள் கட்டியதற்காக அரசு கொடுக்கிற 3 சதவீத ஊக்கத்தொகையும் ஒரு லட்சத்துக்கு 3,000 ரூபாய்தான். உழவருக்கு வர வேண்டிய சலுகை முழுசும் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. உங்கள் பாஸ்புக்கில் மட்டும் "ஒழுங்காகக் கட்டுகிறவர்" என்று இருக்கும்.

3. நகை வீட்டில் தங்குவதில்லை. அடகை மீட்ட ஒரு வாரத்தில் வேறு ஏதோ காரணத்துக்குத் திரும்பப் போய்விடும். சிலர் மீட்பதே இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பார்கள். பவுன் விலை ஏறினால் மேலே கூடக் கொஞ்சம் வாங்கிக்கொள்வார்கள். 1,00,000 ரூபாய் நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எட்டு வருடம் திருப்பி வைத்தவர் 96,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். அந்தச் சங்கிலியை ஒரு கல்யாணத்துக்குக்கூட அவர் மனைவி போட்டிருக்க மாட்டார்.

4. கடன் கிடைத்த நாள் சம்பள நாள் மாதிரி இருக்கும். கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்கும்போது முகம் மலர்ந்துவிடும். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பரோட்டா, வீட்டுக்குக் கறி. யாராவது ஐநூறு கேட்டால் ஆயிரம் கொடுப்பார். இரண்டு நாளில் மறுபடி முகம் இறங்கிவிடும். இதை நான் கிளையில் நூறு தடவை பார்த்திருக்கேன். அந்த இரண்டு நாள் நிம்மதிக்காகத்தான் அடுத்த கடன். கடன் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

5. வீட்டில் மறைப்பது. அடகுச் சீட்டு டிராக்டர் சீட்டுக்கு அடியில், வங்கிக் கடிதம் மோட்டார் கொட்டகையில். போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவது. இது ஆண்களிடம் மட்டும் இல்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் பற்றாமல், கணவருக்குத் தெரியாமல் இரண்டு மூன்று நுண்கடன் நிறுவனங்களில் வாங்கிவிட்டு, வாரா வாரம் கூட்டத்துக்கு முந்தின இரவு தூங்காமல் கிடக்கிற பெண்களும் இருக்கிறார்கள்.

6. அறுக்கும் முன்பே விளைச்சலைச் செலவழிப்பது. மண்டியில் முன்பணம் வாங்கினால் வட்டி இல்லை என்று நினைக்கிறோம். 20,000 ரூபாய் முன்பணம் வாங்கியவர் 5 டன் காயை அந்த மண்டிக்கே போட வேண்டும். வெளியில் ஓர் இயற்கை அங்காடி கிலோவுக்கு 4 ரூபாய் கூடத் தருகிறேன் என்றாலும் கொடுக்க முடியாது. 5,000 கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் 20,000 ரூபாய் போச்சு. வாங்கிய முன்பணமும் அதே அளவுதான். நஞ்சில்லாமல் விளைவித்து, நஞ்சு போட்ட காயோடு ஒரே குவியலில் கொட்டிவிட்டு வருகிறார்.

7. சின்னக் கைமாற்று, பெரிய சுற்று. டீக்கடையில் பாக்கி, பெட்ரோல் பங்க்கில் பாக்கி, ஆள் கூலி பாக்கி. பாக்கி உள்ள கடையைத் தாண்ட வேண்டும் என்பதற்காக இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போவது. நடவுக்கு ஆள் வராததற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை என்று எல்லோரிடமும் சொல்வார். போன போகத்துக் கூலியே பாக்கி என்பது வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

8. "இந்த ஒரு போகம் மட்டும்..." இந்தப் போகம் நல்லா வந்தா எல்லாத்தையும் அடைச்சுடுவேன், இந்த ஏலச்சீட்டு விழுந்தா முடிச்சுடுவேன், இந்த போர் தண்ணி கண்டுட்டா போதும். எல்லாம் ஒரே அடியில் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. மாதம் இரண்டாயிரம் எடுத்து வைத்து மெல்ல அடைக்கலாம் என்றால், "அதெல்லாம் எந்த மூலைக்குங்க?" என்பார்.

9. உடம்பு சொல்லும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, நெஞ்சுப் படபடப்பு, புது நம்பரில் போன் வந்தால் கை நடுக்கம். பிள்ளை மேல், மாட்டு மேல் காரணமில்லாத கோபம். சிலருக்கு மெல்லக் குடி சேர்ந்துகொள்ளும்.

10. வெற்றுத் தாளில் கையெழுத்து. நிரப்பாத காசோலை, வெற்று முத்திரைத் தாள், இதற்கெல்லாம் மேலே நிலத்தைக் கடனுக்கு ஈடாக "சும்மா பேருக்கு" கிரயம் எழுதிக் கொடுப்பது. அடமானம் வேறு, கிரயம் வேறு. கிரயப் பத்திரம் பதிவானால் ஆவணப்படி நிலம் அவருடையது. வாயால் சொன்ன பேச்சை வைத்து மீட்க நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். பத்து அடையாளத்தில் மற்ற ஒன்பதும் இல்லாமல் இது ஒன்று மட்டும் இருந்தாலும் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

தண்டல் கணக்கு

வட்டி விகிதத்தை நம் ஆட்கள் மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று பேசுவதால் அதன் கனம் தெரிவதில்லை. இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி 36. பத்து வட்டி 120.

தண்டலில் இன்னும் மறைவு. 10,000 ரூபாய் என்று பேசி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். 1,500 ரூபாய்தானே பிடித்தம், 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஐம்பதாவது நாள் பாதி கட்டி முடித்திருப்பீர்கள். ஆக முழு 8,500-ம் உங்களிடம் நூறு நாள் இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அதுவும் மூன்று மாதம் பத்து நாளுக்கு. ஆண்டுக் கணக்காக்கினால் ஏறத்தாழ 120 சதவீதத்தைத் தொடுகிறது. அதாவது இதுவும் பத்து வட்டிதான், பெயர் மட்டும் வேறு. எந்தப் பயிரும் இந்த வட்டியைக் கட்டாது.

இயற்கை உழவருக்கென்று சில கண்ணிகள்

ரசாயன விவசாயத்தில் கடன் உரக்கடையிலிருந்து வந்தது. நம்மிடம் வேறு வாசலில் வருகிறது.

ஒன்று, மானியம். பாதி விலை அரசு தருகிறது என்பதற்காகப் பவர் டில்லர், நிழல்வலைக் குடில், செக்கு என்று வாங்கிப் போடுவது. மீதிப் பாதி கடன்தான். 60,000 மானியம் கிடைத்தது என்று சொல்கிறவர் 60,000 கடன் ஏறியதைச் சொல்வதில்லை. வருடத்தில் எத்தனை நாள் அந்தக் கருவி ஓடும் என்று எண்ணிப் பாருங்கள். பத்து நாள்தான் என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

இரண்டு, நாட்டுமாடு மோகம். ஜீவாமிர்தத்துக்கு ஒரு நாட்டுமாடு போதும். கடன் வாங்கி எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று வேற்று மாநில இனங்களைக் கொண்டுவந்து, தீவனத்துக்கும் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று, மதிப்புக்கூட்டல். சந்தை பிடிபடும் முன்பே அச்சடித்த பை, லேபிள், பாக்கெட் மெஷின், டவுனில் ஒரு கடை அட்வான்ஸ். முதலில் பத்து வீட்டுக்குக் கையால் பொட்டலம் கட்டிக் கொடுத்து, அவர்கள் திரும்ப வந்து கேட்கிறார்களா என்று பார்த்த பிறகு மெஷின் வாங்கலாம்.

நான்கு, மாறுகிற காலம். ரசாயனத்திலிருந்து வருகிறவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் குறையலாம். அந்தக் குறையைக் கடனால் நிரப்பினால், மண் தேறும்போது மனிதர் சாய்ந்திருப்பார். அதனால்தான் ஐந்து ஏக்கரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒரு ஏக்கரில் ஆரம்பியுங்கள் என்று அனுபவப்பட்ட உழவர்கள் சொல்கிறார்கள்.

இனி என்ன செய்வது?

முதல் வேலை, ஒரு நோட்டு. பள்ளிக்கூட நோட்டு போதும். யாரிடம், எவ்வளவு அசல், எத்தனை வட்டி, எப்போது கெடு, ஈடாக என்ன கொடுத்திருக்கிறோம் என்று ஐந்து கட்டம். கைமாற்று ஐநூறு முதல் எழுத வேண்டும். எழுத எழுதக் கை வராது, "நாளைக்கு எழுதிக்கலாம்" என்று தோன்றும். அன்றைக்கே முடித்துவிடுங்கள். வங்கி, நிதி நிறுவனக் கடன் மறந்துபோயிருந்தால், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் எடுத்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வீட்டில் ஒருவரிடமாவது முழுத் தொகையைச் சொல்வது. கோபப்படுவார்கள், அழுவார்கள். ஆனால் மறைவு உடைந்த நாளிலிருந்து கடன் பழக்கத்தின் பிடி தளர்கிறது. அடுத்த தடவை வட்டிக்காரர் வீட்டுக்குக் கால் போகும்போது, "எங்கே போறீங்க?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பார்.

மூன்றாவது, புதுக்கடனுக்கு ஆறு மாதம் தடை. பயிர்க்கடன் தவிர எதுவும் கிடையாது. கையில் இருக்கும் பணத்தில் என்ன விதைக்க முடியுமோ அவ்வளவுதான் விதைப்பு. மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர்தான் முடியும் என்றால் மீதியில் பலதானியம் விதைத்து மடக்கி உழுங்கள், மண்ணாவது தேறும். கீரை, பால், முட்டை என்று வாரம் ஒருமுறை காசு வருகிற வரவு ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். போகத்துக்கு ஒருமுறை வரவும் தினம் செலவும் என்ற இடைவெளியில்தான் வட்டிக்காரர் நுழைகிறார்.

நான்காவது, அடைக்கும் வரிசை. அதிக வட்டிக் கடன் முதலில். ஏலத்துக்கு வரப்போகிற நகை இருந்தால் அதற்கு விதிவிலக்கு. நான்கு லட்சம் கடனுக்கு வருடா வருடம் வட்டி கட்டிக்கொண்டு, பீரோவில் ஒரு மனைப் பத்திரத்தை வைத்திருப்பவர் அதை விற்று அடைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. விளைநிலத்தை மட்டும் கடைசி வரை தொடாதீர்கள்.

ஐந்தாவது, வங்கிக்குக் கெடுவுக்கு முன்பே போங்கள். இதை உள்ளே இருந்தவனாகச் சொல்றேன். போனை எடுக்காதவர் மேல்தான் மேலாளருக்குச் சந்தேகம் வரும். குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம், நீண்டகாலப் பயிர் என்றால் ஒரு பருவம் தவணை தவறிய பிறகுதான் பயிர்க்கடன் வாராக்கடன் ஆகிறது. வறட்சி, வெள்ளத்தில் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்று அரசு அறிவித்தால், தவணையை மாற்றியமைத்துத் தர ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் கொடுக்கலாம். கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. இதை மீறினால் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேட்க 14448. செல்போன் கடன் செயலிக்காரர்கள் மிரட்டினால் 1930. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

குடும்பத்தாருக்கும் குழுவில் இருப்பவர்களுக்கும்

வீட்டில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் இருப்பது தெரிந்தால், உடனே ஓர் இடத்தை விற்று மொத்தத்தையும் அடைத்துவிட்டால் திருந்திவிடுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. கடன் தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. இரண்டு வருடத்தில் அதே தொகை மறுபடி நிற்கும், இந்தத் தடவை விற்க இடம் இருக்காது. அடைக்க உதவுங்கள், ஆனால் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் நேராகக் கடன் கொடுத்தவரிடம் கட்டுங்கள். நோட்டு முழுசாக எழுதிய பிறகு மட்டும் கட்டுங்கள். நகையை வீட்டுப் பெண்கள் பெயரில் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். ஜாமீன் கையெழுத்து கேட்டால், "அண்ணே, கூட வர்றேன், கையெழுத்து மட்டும் வேண்டாம்" என்று சொல்லப் பழகுங்கள்.

திட்டுவதால் பயனில்லை. கூட்டத்தில் வைத்துக் கேட்பது அதைவிடக் கெடுதல். கடனை விட அவமானத்துக்குத்தான் உழவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "நான் போனா இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்ற பேச்சு வந்தால், திடீரென்று கணக்கு வழக்கையெல்லாம் ஒப்படைத்தால், பேச்சை நிறுத்திக்கொண்டால், அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். பூச்சிமருந்து வீட்டில் இல்லாமல் இருப்பது இயற்கை விவசாயத்தின் நன்மைகளில் ஒன்று. பழைய டப்பா ஏதாவது கொட்டகையில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்திவிடுங்கள்.

நம் உழவர் குழுக்கள் மாதா மாதம் கூடுகின்றன. விதை மாற்றிக்கொள்கிறோம், மீன் அமிலம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அதே கூட்டத்தில் கடைசி அரை மணி நேரத்தைக் கடன் நோட்டுக்கு ஒதுக்கலாம். யாரும் தொகையைச் சொல்ல வேண்டாம். "போன மாதத்தைவிடக் குறைந்ததா, கூடியதா?" என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொன்னால் போதும். கூடியது என்று மூன்று மாதம் தொடர்ந்து சொல்கிறவரிடம், கணக்கு தெரிந்த ஒருவர் தனியாகப் போய் உட்கார வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையங்களிலிருந்து ஓர் ஆலோசகரையும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். நகை அடகு வைத்திருக்கிறவர்கள் சீட்டையும் எடுத்து வாருங்கள். கெடு தேதியை முதல் பக்கத்தில் எழுதுவதிலிருந்து ஆரம்பிப்போம்.